அவர் எழுந்து கும்பிடும் முன்னே

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த என்னைப் பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் லாரி டிரைவர். மாதத்தில் இருபது நாள் பம்பாய், நாக்பூர் என்று ரோட்டில்தான் இருப்பார். வீட்டில் இருந்து மாமியாரோடு மல்லுக்கட்டுவதைவிட மேல் என்று நான் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றுக்குக் கட்டை அடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். தீக்குச்சிகளை மருந்தில் முக்குவதற்காகச் சட்டத்தில் வரிசை வரிசையாக அடுக்குகிற வேலை. காலை ஆறரைக்கு ஆபீஸ் வேன் ஊருக்கு வந்து ரெண்டு தடவை ஆரன் அடிக்கும். அதற்குள் ஏறாவிட்டால் அன்றைய வேலை போச்சு.

என் குணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எதிலும் கடைசிவரை உட்கார முடியாது. சின்ன வயதில் சினிமாவுக்குப் போனால், கடைசிச் சண்டை முடிவதற்குள் அப்பா எங்களை எழுப்பிவிடுவார். வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் கூட்டம் சேர்ந்துவிடுமாம். வில்லன் செத்தானா பிழைத்தானா என்று தெரியாமலே எத்தனை படம் பார்த்திருக்கிறேன்! அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்னொரு குணம், சிரிப்பு. நான் சிரித்தால் நாலு தெருவுக்குக் கேட்கும் என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த ஊரில் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஒரே நாடகம்தான். ஊர்க்காவலுக்குப் போன ஒருவர் களவாணிகளிடம் குத்துப்பட்டுச் செத்துப்போகிற கதை. ராத்திரி முழுக்க நடக்கும். ஆனால் சாவுக் காட்சியை மட்டும் விடிந்த பிறகுதான் போடுவார்கள். இருட்டில் பிணமாகப் படுக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மேடையில் நடிகர் செத்து விழுவார். முகத்தையும் சேர்த்து வெள்ளை வேட்டியால் மூடுவார்கள். மற்ற நடிகர்கள் வாய்க்கரிசி போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள். மத்தளம் நின்றுவிடும். அப்போது யாரும் கைதட்டக் கூடாது, எழுந்து போகவும் கூடாது.

நாடக வாத்தியார் ஒரு விளக்கோடு மேடை ஓரத்துக்கு வருவார். "கதையில செத்தவன் கதையோட போகட்டும். எங்க ஆளை எங்களுக்குத் திருப்பிக் குடுங்க" என்பார். உடனே மொத்தக் கூட்டமும், ஆண் பெண் சின்னது பெரிசு எல்லாரும், அந்த நடிகரின் சொந்தப் பேரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது முறையில் அவர் வேட்டியை விலக்கிவிட்டு எழுந்து கும்பிடுவார். அதன் பிறகுதான் கைதட்டல், மங்களம் எல்லாம். அவரைச் சனங்கள் கூப்பிடும் முன்னால் நாடகக்காரர்கள் யாரும் தொடக்கூட மாட்டார்கள். தொட்டுத் தூக்கினால் நிஜப் பிணத்தைத் தூக்கியது மாதிரி ஆகிவிடுமாம். இதற்காகவே அந்த நடிகரின் பேரை முதல் நாள் சாயங்காலமே மைக்கில் நாலு தடவை சொல்லிவிடுவார்கள்.

அந்த வருஷம் மைக்கில் சொன்ன பேரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் வீட்டுக்காரர் பேர்!

இப்போதைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஊரில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டு மதினிதான் எனக்காகச் சொல்லும். டவுனில் பிறந்தவள்தானே, எனக்கு அதெல்லாம் கிடையாது என்று நினைத்துத்தான் வந்தேன். ஒன்றரை வருஷத்தில் நாக்கு தானாக மடங்கப் பழகிவிட்டது. வெறும் பேரைச் சொல்வதே இப்படி என்றால், வேட்டி மூடிக் கிடக்கிற உடம்பைப் பார்த்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதா? அதுவும் அவர் எங்கோ லாரியோடு ரோட்டில் இருக்கும்போது? 

மதினிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! "ஏட்டி, நாளைக்கு விடியட்டும். உன் வாயால அந்தப் பேரைக் கேக்காம நாங்க வேனேற மாட்டோம்" என்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டது.

நான் ராத்திரி நாடகத்துக்குப் போகவில்லை. விடிந்ததும் குளித்து, சோற்றைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, வேனுக்குத் தயாராக, நாடகம் நடக்கிற பொட்டலுக்குப் போனேன். ஆபீஸுக்குப் போகிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் வாளியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெயில் இன்னும் ஏறவில்லை. டியூப்லைட்டுகள் வெளிச்சம் செத்துப்போய் எரிந்துகொண்டிருந்தன. மேடையில் காவல்காரர் குத்துப்பட்டு விழுந்தார். எப்போதும் கையை ஊன்றி மெதுவாகச் சாய்வார்களாம். இவர் பொத்தென்று விழுந்தார். பலகை அதிர்ந்தது. "நல்லா விழுதாரு" என்று பின்னால் ஒரு பெரியவர் மெச்சினார்.

வேட்டியால் மூடினார்கள். அரிசி போட்டார்கள். மத்தளம் நின்றது. அத்தனை சனத்துக்கு நடுவில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. கைப்பிள்ளைகூட அழவில்லை. வாத்தியார் விளக்கோடு வந்தார். சரியாக அந்த நேரத்தில் வேன் வந்து முதல் ஆரன் அடித்தது.

மதினி என் தொடையில் கிள்ளி, "சொல்லுட்டி, சொல்லு. எங்க அண்ணன் எந்திரிச்சு வந்துருவாக" என்றது. சுற்றி இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். எனக்கு வெட்கம், பயம், எரிச்சல் எல்லாம் சேர்ந்து சிரிப்பாக வந்துவிட்டது. அந்த அமைதியில் பொட்டல் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தேன். சிரித்துக்கொண்டே வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "வேன் போயிரும், நீங்க கூப்பிட்டுட்டு வாங்க, நான் போறேன்" என்று நடந்தேன்.

நான் ஒருத்திதான் போவதாக நினைத்தேன். ஆனால் ரெண்டாவது ஆரன் அடித்ததும் ஆபீஸ் பெண்கள் அத்தனை பேரும் படபடவென்று எழுந்துவிட்டார்கள். பெண்கள் எழுந்ததும் அவர்களோடு வந்த பிள்ளைகள் எழுந்தன. ஆண்களும் கோவில் பக்கம் கிடாவெட்டு வேலை கிடக்கிறது என்று துண்டை உதறினார்கள். வாத்தியார் மைக்கில், "தாயி, பேரைச் சொல்லிட்டுப் போங்க. தாயி, ஒரு நிமிசம்" என்று கெஞ்சியது வேனுக்குள் கேட்டது. "நாளைக்குக் கூப்பிடுதோம் அண்ணாச்சி!" என்று யாரோ சன்னல் வழியாகக் கத்த, எல்லாரும் கெக்கலி கொட்டினோம். மதினிக்கு மட்டும் ஏமாற்றம். தப்பிச்சிட்டியேட்டி என்று என் முதுகில் ஒரு குத்து விட்டது.

வேன் எங்கள் ஊரில் ஏற்றிக்கொண்டு, உள்ளே இன்னும் ரெண்டு ஊருக்குப் போய் ஆளெடுத்துக்கொண்டு, திரும்ப எங்கள் ஊர் வழியாகத்தான் கோவில்பட்டி ரோட்டுக்கு வர வேண்டும். அரைமணி நேரம் ஆகும். திரும்பி வரும்போது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. நான் சன்னல் ஓரம். பொட்டலில் ஒரு ஈ காக்கை இல்லை. திரையை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மேடை மட்டும் மொட்டையாக நின்றது.

அதில் அந்த வெள்ளை வேட்டி அப்படியே கிடந்தது. மூடிய உடம்போடு.

மேடையில் நாலைந்து கோழிகள் ஏறி வாய்க்கரிசியைக் கொத்திக்கொண்டிருந்தன. அதில் ஒரு கோழி அவர் நெஞ்சின் மேலேயே ஏறி நின்று, வேட்டி மடிப்பில் கிடந்த அரிசியைக் கொத்திக்கொண்டிருந்தது.

"பாருங்கட்டி, கண் முழிச்ச அசதியில நல்லாத் தூங்குதாரு" என்று மதினி சிரித்தது. வேனே சிரித்தது. நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. நெஞ்சில் கோழி ஏறி மிதித்தால் எப்பேர்ப்பட்ட தூக்கத்திலும் மனுஷன் கையை வீசி விரட்ட மாட்டானா? 

"அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க" என்றேன். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏற்கெனவே லேட்டு. ஆபீஸ்ல கேட்டை அடைச்சிருவாங்க" என்றார். "நிறுத்துதீங்களா, குதிக்கவா?" என்று நான் கதவைத் திறந்ததும்தான் பிரேக் போட்டார்.

மேடைக்குப் பின்னால் வாத்தியார் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வேஷத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இப்ப எதுக்கு வாரீங்க? யாரும் கூப்பிடலேன்னு அவன் வீம்புக்குப் படுத்துக் கிடக்கான். எப்போதும்வென்றான் பக்கம் ஒரு ஊர்ல இப்படித்தான் சனம் எந்திரிச்சுப் போச்சு. ஊர்ப் பெரியவங்க திரும்பி வந்து கூப்பிடுத வரைக்கும் அசையாமக் கெடந்தான். அவன் ரோசக்காரன். நாங்க தொட மாட்டோம்."

"அண்ணாச்சி, நெஞ்சு மேல கோழி நின்னுச்சு" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "கூப்பிட்டா எந்திரிப்பான். கூப்பிடுங்க" என்றார்.

மேடைக்கு முன்னால் போய் நின்றேன். கோழிகளை விரட்டினேன். "அண்ணாச்சி, எந்திரிங்க" என்றேன். அசைவில்லை. "தப்புத்தான், எந்திரிங்க அண்ணாச்சி." அசைவில்லை. பின்னாலிருந்து வாத்தியார், "பேரைச் சொல்லணும்மா" என்றார்.

வேனிலிருந்து அத்தனை பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் எந்த ரோட்டில் இருக்கிறாரோ, தூங்காமல் ஓட்டுகிறாரோ என்று மனது அடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பேரைச் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. ரெண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது தடவை அடித் தொண்டையிலிருந்து கத்தினேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பேர் என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். அதுவும் ஒரு பிணக்கோலத்தைப் பார்த்து.

வேட்டி விலகவில்லை. ஆனால் ஒரு சத்தம் கேட்டது. சர்ர்... சர்ர்... என்று பலகையை எலி சுரண்டுகிற மாதிரி. முதலில் மேடைக்கு அடியில் என்று நினைத்துக் குனிந்தேன். அடியில் ஒன்றுமில்லை. நிமிர்ந்தபோது பார்த்தேன். வேட்டியின் இடது ஓரம் மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

மேடையில் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. வேட்டியை இழுத்துவிட்டேன். கண் ரெண்டும் திறந்திருந்தது. என்னையே பார்த்தது. பவுடர் பூசிய முகத்தில் வாய் ஒரு பக்கமாகக் கோணிக் கிடந்தது. கண்ணீர் வழிந்து வழிந்து காதுவரை பவுடர் கரைந்திருந்தது. இடது கை விரல்கள் மட்டும் பலகையைச் சுரண்டிக்கொண்டே இருந்தன. நகக் கண்ணில் ரத்தம்.

"ஐயோ, இது நடிப்பில்ல! ஓடி வாங்க!" என்று நான் போட்ட கூச்சலில் வாத்தியார் காப்பித் தம்ளரோடு ஓடி வந்தார். பார்த்ததும் அப்படியே மடிந்து உட்கார்ந்து, "பாவி, நான் வீம்புன்னு நெனச்சேனே" என்று நெஞ்சில் அறைந்துகொண்டார்.

வேனில்தான் ஏற்றினோம். சீட்டில் உட்கார்ந்த பெண்கள் மடியில் குறுக்காக அவரைக் கிடத்தினார்கள். தலை என் மடியில். கண்ணை மூடவிடாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள் என்றார் வாத்தியார். மதினி ஆரம்பித்தது. பிறகு எல்லாரும். கோவில்பட்டிவரை வழி நெடுக, அந்த வேன் முழுக்க அந்த ஒரே பேர்தான். கூச்சம் எங்கே போனதோ, எல்லாரையும்விட நான்தான் அதிகம் கூப்பிட்டேன். அவர் கண்கள் ஒவ்வொரு முகமாகப் போய்ப் போய் வந்தன. யாரையோ தேடுகிற மாதிரி இருந்தது. ரெண்டு ஆரனுக்கு மேல் அடிக்காத அந்த டிரைவர், அன்றைக்கு ஆரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கவாதம். உயிருக்குப் பயமில்லை, ஆனால் வலது கை பழையபடி வருவது சந்தேகம் என்றார் டாக்டர். எப்போது விழுந்தார் என்று கேட்டார். வாத்தியார் கணக்குப் பார்த்துச் சொன்னார். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் நல்லது என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போய்விட்டார்.  எல்லாரும் உட்கார்ந்திருந்து மூன்று முறை கூப்பிட்டிருந்தால், நாலாவது நிமிஷம் தெரிந்திருக்குமே!

அடுத்த நாலு நாள் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வீட்டுக்காரரிடமிருந்து போன் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் வீட்டுப் போன் அடிக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். ஐந்தாம் நாள் வேலை முடிந்து வந்து வாசலில் கால் வைத்தால், நடுவீட்டில் முகத்தையும் சேர்த்து வேட்டியால் மூடிக்கொண்டு ஒரு உடம்பு கிடக்கிறது.  என்னை அறியாமல் அந்தப் பேரைச் சொல்லிக் கத்திவிட்டேன். அவர் அலறியடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "என்னட்டி, கிறுக்குப் பிடிச்சிருச்சா? பேரைச் சொல்லுதே!" என்றார். ஈ மொய்க்குது என்று மூடிப் படுத்தாராம். அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லவில்லை. முதலில் எழுந்தது நான் என்பதை.

மூன்று மாதம் கழித்து ரெண்டு பேருமாக அந்த நடிகரைப் பார்க்கப் போனோம். கயத்தாறுக்குப் பக்கத்தில் அவர் ஊர். பேச்சு திரும்பியிருந்தது, கொஞ்சம் குழறலோடு. வலது கை மடியில் சும்மா கிடந்தது. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். அவரோ, திரும்பி வந்த தாயி இவியதான் என்று மனைவியிடம் காட்டி, இடது கையால் கும்பிட்டார்.

என் வீட்டுக்காரர் வாய் சும்மா இருக்காமல், "அண்ணாச்சி, அந்நேரம் உங்களுக்கு நெனப்பு இருந்துச்சா?" என்று கேட்டார்.

"எல்லாம் இருந்துச்சு" என்றார் அவர். "எல்லாமே கேட்டுச்சு. நாக்குத்தான் புரளல. எங்க ஆளைத் திருப்பிக் குடுங்கன்னு வாத்தியார் கேட்டாரு. இப்பக் கூப்பிடுவாக, கூப்பிட்டு நான் எந்திரிக்கலேன்னா கண்டுபிடிச்சிருவாகன்னு காத்துக் கிடக்கேன். அப்ப ஒரு பொம்பள சிரிச்சுது. சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போச்சு. அதுக்குப் பின்னால செருப்புச் சத்தம், வாளிச் சத்தம், பிள்ளைய சத்தம், எல்லாம் ஒவ்வொண்ணாப் போச்சு. கடைசில கோழிச் சத்தம் மட்டும்தான். அந்த வேன்ல வச்சுக்கூட அது யாருன்னு ஒவ்வொரு மொகமாத் தேடினேன். மொகம் தெரியாதுல்லா. சிரிப்பு மட்டும் இன்னும் காதுக்குள்ளேயே இருக்கு."

கேட்க வந்த மன்னிப்பை அப்படியே விழுங்கிவிட்டேன். அந்த மத்தியானம் முழுக்க அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் ரோட்டில் நடந்த கூத்தையெல்லாம் சொல்ல, நடிகரின் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு முட்டியது. சேலைத் தலைப்பை வாயில் அழுத்தி வைத்துக்கொண்டேன். ஒரு சத்தம் வெளியே வந்தால் போதும், நடிகர் தலை என் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன்.

புறப்படும்போது அவர் வாசல்வரை காலை இழுத்துக்கொண்டு வந்தார். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "நீங்க சிரிக்கவே மாட்டீங்களோ தாயி?" என்று கேட்டார்.

தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வேகமாக நடந்து பஸ் ஏறிவிட்டேன். சில வருஷங்களில் அந்த நடிகர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது பள்ளிக்கூட ஆண்டுவிழாவோ பாட்டுக் கச்சேரியோ, எதற்குப் போனாலும் கடைசி ஆள் மேடையில் வந்து கும்பிடும்வரை நான் எழுந்திருப்பதில்லை. பேரன் கையைப் பிடித்து இழுத்தாலும் விடுவதில்லை. ஆனால் அவரிடம் சொல்லியிருக்க வேண்டிய "அது நான்தான் அண்ணாச்சி" என்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல், அவர் கேள்வி கேட்டு வாசலில் நின்ற அந்த நேரத்திலும் கடைசிவரை நிற்காமல் ஓடிவந்தவள்தானே நான் என்பது, ஒவ்வொரு முறை வாய்விட்டுச் சிரிக்கும்போதும் நெஞ்சில் சுரண்டிக்கொண்டே இருக்கிறது.